நெஞ்சை அழுத்தும்போது மூளைக்கு ஆக்சிஜன் போகிறதா, எப்படித் தெரியும்?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு 68 வயது, இதயம் பலவீனம். திடீரென்று இதயம் நின்று, நாங்கள் நெஞ்சை அழுத்த வேண்டி வந்தால், மூளைக்கு ஆக்சிஜன் போகிறதா என்று விரல் ஆக்சிமீட்டரில் பார்க்கலாமா? நெற்றியில் ஒட்டும் கருவி இருக்கிறதாமே, சேலத்தில் அது உள்ள ஆஸ்பத்திரியைத்தான் தேட வேண்டுமா?"

விரல் கருவியை அந்த நேரத்தில் தொடவே வேண்டாம். நாடித்துடிப்பை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. இதயம் நின்றபின் விரலில் துடிப்பு ஏது? எண் வந்தாலும் நம்ப முடியாது. ரத்த ஓட்டம் நின்ற நாலைந்து நிமிடத்தில் மூளையில் சேதம் தொடங்கிவிடும். அதில் அரை நிமிடத்தைக் கருவிக்குக் கொடுப்பது பெரிய இழப்பு.

நெற்றிக் கருவி வேறு மாதிரி. அகச்சிவப்பையொட்டிய ஒளியை மண்டையோடு வழியே செலுத்தி, மூளையின் முன்பகுதி ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும். துடிப்பே தேவையில்லை. நலமாக இருப்பவருக்குப் பெரும்பாலும் 60 முதல் 80 சதவீதம் காட்டும். இதயம் நின்றால் சரியும். அழுத்துவது நன்றாக நடந்தால் மெல்ல ஏறும், இதயம் திரும்பத் துடித்தால் நன்றாகவே ஏறும். சிகிச்சை தரும் குழுவுக்கு இது நல்ல துணை. ஆனால் 'இந்த எண்ணுக்குக் கீழே போனால் நிறுத்திவிடலாம்' என்று எல்லோரும் ஏற்ற அளவு எதுவும் இல்லை. எல்லா இடத்திலும் வைத்திருக்கும் கருவியும் இல்லை. அதனால் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்க அதை அளவுகோலாக வைக்காதீர்கள். கேத் லேப், அதாவது இதய ரத்தக்குழாய் அடைப்பைக் கண்டு நீக்கும் அறை, இரவிலும் இயங்குமா, இதயம் மீண்டவரைப் பார்க்கத் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

எனக்கு அதைவிடக் கவலை உங்கள் மலைப்பாதைதான். சேலம் வரை இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். பதறிப்போய் அப்பாவைக் காரில் ஏற்றிவிடாதீர்கள். ஓடும் காரில் சரியாக அழுத்தவே முடியாது. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சில்லை, அல்லது விட்டுவிட்டுத் திணறல் மட்டும் என்றால், தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து 108-ஐ ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே தொடங்குங்கள். நெஞ்சின் நடுவில், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், களைத்த கை ஆழமாக அழுத்தாது. அப்புறம், வீட்டில் குறைந்தது இரண்டு பேராவது இதைப் பொம்மையில் அழுத்திப் பழகியிருக்க வேண்டும்.