கேள்வி பதில்: மெய்நிகர் கணினி

கே: கேவிஎம்மில் (லினக்ஸின் மெய்நிகர் கணினி வசதி) ஓடும் லினக்ஸ் கெஸ்ட்டுக்கு (உள்ளே ஓடும் மெய்நிகர் கணினி) இ1000 நெட்வொர்க் கார்டு கொடுத்திருக்கிறேன். பெரிய கோப்பை நகலெடுத்தால் ஹோஸ்ட்டின் (அதைத் தாங்கும் நிஜக் கணினி) சிபியு எகிறுகிறது. மெய்நிகர் கணினிக்கென்றே செய்த விர்ட்ஐஓ கார்டுக்கு மாறினால் குறையுமா?

ப: குறையும். இ1000 என்பது இன்டெல் கார்டு ஒன்றின் போலி. கெஸ்ட்டின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அதை நிஜமென்று நம்பி அதன் ரெஜிஸ்டரை (கார்டின் கட்டுப்பாட்டு இடம்) தொடும்போதெல்லாம் சிபியு கெஸ்ட்டை விட்டு வெளியே வருகிறது. ஹோஸ்ட்டில் ஓடும் கியூஎமு என்ற நிரல் கார்டு போல நடித்துக் காட்டிய பிறகே உள்ளே திரும்புகிறது. இதுதான் விஎம் எக்சிட். இன்டரப்ட் (சிபியுவுக்குக் கார்டு தரும் அழைப்பு) ஏன் வந்தது என்று படிப்பதற்கே ஒரு எக்சிட் செலவாகிறது.

2008இல் லினக்ஸ் 2.6.24உடன் வந்த விர்ட்ஐஓவில் இந்த நாடகம் இல்லை. கெஸ்ட்டின் நினைவகத்திலேயே, ஹோஸ்ட்டும் படிக்கும்படி ஓர் அட்டவணை இருக்கும். ஒரு வரிக்கு 16 பைட்: முகவரி 8, நீளம் 4, கொடி 2, அடுத்த வரியின் எண் 2. கெஸ்ட் பாக்கெட்டின் இடத்தை அதில் எழுதி, வரி எண்ணை 'அவெய்லபிள்' வளையத்தில் போடும். ஹோஸ்ட் வேலையை முடித்து 'யூஸ்டு' வளையத்தில் திருப்பிப் போடும். பல பாக்கெட்டுகளைச் சேர்த்துப் போட்டுவிட்டு ஒரே ஒருமுறை மணியடித்தால், அதாவது ஹோஸ்ட்டுக்குத் தகவல் சொன்னால், போதும். ஹோஸ்ட் ஏற்கெனவே வளையத்தைக் காலி செய்துகொண்டிருந்தால், 'மணியடிக்காதே' என்று கொடி வைத்துவிடும். அந்த ஒரு எக்சிட்டும் மிச்சம். ஹோஸ்ட்டில் விஹோஸ்ட் நெட் மாட்யூல் (கெர்னலில் சேர்க்கும் துண்டு நிரல்) ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாக்கெட்டுகள் கியூஎமுவைத் தொடாமல் ஹோஸ்ட் கெர்னலுக்கே போகும்.

மாற்றியதும் கெஸ்ட்டில் இன்டர்ஃபேஸ் பெயர் மாறக்கூடும். பழைய பெயரில் எழுதிய ஐபி அமைப்பு அப்போது வேலை செய்யாது. எனவே கன்சோல் வழியாக உள்ளே போக வழி வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

கே: டிஸ்க்கையும் விர்ட்ஐஓ ஆக்கினேன். பூட் ஆகவில்லை.

ப: இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) விர்ட்ஐஓ பிளாக் டிரைவர், அதாவது டிஸ்க்குக்கான டிரைவர், இல்லாமல் இருக்கலாம், அல்லது எஃப்எஸ்டேப்பில் (எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) எஸ்டிஏ என்ற பழைய டிஸ்க் பெயர் இருக்கும், டிஸ்க்கின் பெயரோ இப்போது விடிஏ. பழையபடி மாற்றி பூட் செய்து, டிரைவரைச் சேர்த்து இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்குங்கள், எஃப்எஸ்டேப்பில் பெயருக்குப் பதில் யூயூஐடி (மாறாத அடையாள எண்) எழுதுங்கள். விண்டோஸ் என்றால் முதலில் 1 ஜிபி விர்ட்ஐஓ டிஸ்க் ஒன்றைச் சும்மா இணைத்து டிரைவரை ஏற்றவையுங்கள், சிஸ்டம் டிஸ்க்கைப் பிறகு மாற்றலாம்.

கே: கெஸ்ட்டை நிறுத்திவைத்துத் தொடர்ந்தால் கடிகாரம் பின்தங்குகிறது. வெளி இணையம் கிடையாது.

ப: இணையம் வேண்டாம், ஹோஸ்ட்டையே கேட்கலாம். கெஸ்ட்டில் பிடிபி கேவிஎம் மாட்யூலை ஏற்றுங்கள். அது ஹைப்பர்கால் (கெஸ்ட் நேரே ஹோஸ்ட்டைக் கேட்கும் அழைப்பு) போட்டு ஹோஸ்ட்டின் நேரத்தை நேரே வாங்கும். மாட்யூல் ஏறாவிட்டால் ஹோஸ்ட்டின் கிளாக்சோர்ஸ் (நேரம் எடுக்கும் மூலம்) சிபியுவின் உள்கணக்கியான டிஎஸ்சிதானா என்று பாருங்கள். ஏறியதும் வரும் பிடிபி சாதனத்தை, கடிகாரத்தைச் சரிசெய்யும் குரோனி நிரலில் ரெஃப்கிளாக்காக (ஒப்பிடும் கடிகாரம்) கொடுங்கள். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: குரோனியின் அமைப்புக் கோப்பில் மேக்ஸ்டெப் வரியில் 1, 3 என்றிருந்தால் முதல் மூன்று திருத்தங்களில் மட்டுமே கடிகாரம் தாவும், அதன்பின் மெல்ல நகரும். இரண்டாம் எண்ணை மைனஸ் 1 ஆக்குங்கள்.