கணவர் வாங்கிய ஆலோங் கடனை மனைவி கட்ட வேண்டுமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது டவுனை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். நான் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். லோரி ஓட்டும் கணவர், எனக்குத் தெரியாமல் ஆலோங்கிடம் (லைசன்ஸ் இல்லாத வட்டிக்காரரிடம்) கடன் வாங்கிவிட்டார். ஐந்து மாதமாக வீட்டுக்குக் காசு தருவதில்லை. போன வாரம் கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றி, "புருஷன் வாங்கினா பொண்டாட்டி கட்டணும்" என்று மிரட்டினார்கள். என் இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்துக் கொடுத்துவிடலாமா? வீட்டு லோன் இருவர் பெயரிலும் இருக்கிறது.

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. தாலி கட்டிய ஒரே காரணத்துக்காகக் கணவரின் கடன் மனைவி மேல் ஏறாது. நீங்கள் கையெழுத்துப் போடவில்லை, ஜாமீன் நிற்கவில்லை என்றால் அது அவருடைய கடன்தான். அதிலும் லைசன்ஸ் இல்லாதவர் வட்டிக்குக் கொடுத்த பணத்தை, 1951ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டப்படி கோர்ட்டுக்குப் போய் வசூலிக்க முடியாது. அதனால்தான் சாயத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். லைசன்ஸ் உள்ளவரே அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. கேட்டைப் படம் எடுங்கள், மிரட்டல் வந்த போன் நம்பர்களை அழிக்காதீர்கள், போலீசில் புகார் செய்யுங்கள். மறுபடி மிரட்டினால் மறுபடியும் புகார். அவர்கள் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். மானம் போகுமே என்று நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு, ஆலோங் திரும்ப வந்து நின்ற பிறகு வழி கேட்கும் பெண்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது கடைசி வரிதான். வீட்டு லோனில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அவர் கட்டாவிட்டால் வங்கி முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம். வீடு ஏலத்துக்கும் போகலாம். தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசுங்கள். கடனில் சிக்கியவர்களுக்கு வழிகாட்டும் ஏ.கே.பி.கே. நிறுவனத்தில் கடன் ஆலோசனை இலவசம்; தவணையைக் குறைத்து மாற்றியமைக்க அவர்கள் உதவுவார்கள். இ.பி.எப்.பில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்கில் இருப்பதை எடுத்தே ஆக வேண்டுமென்றால், வீட்டுத் தவணைக்கு எடுங்கள்.

வீட்டுச் செலவைக் கோர்ட் மூலம் கேட்க விவாகரத்து தேவையில்லை. 1950ஆம் ஆண்டு ஜீவனாம்சச் சட்டம், மனைவி பிள்ளைகளைக் கவனிக்காத கணவர் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்று கோர்ட் உத்தரவிட இடம் தருகிறது. அதன் பிறகும் கட்டாதவரின் சம்பளத்தில் பிடிக்க 1968ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உங்கள் சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளி பஸ் ரசீது, மளிகைக் கடையின் 555 கடன் நோட்டுப் புத்தகத்தில் உங்கள் பெயரில் ஏறியிருக்கும் பாக்கி, எல்லாமே சாட்சி.

அவரிடம் ஒன்றை மட்டும் நிதானமாகக் கேளுங்கள்: அந்தப் பணம் எதற்கு? குடும்பத்துக்காகவா, சூதாட்டத்துக்கா? நாளை விவாகரத்து வரை போனால், சொத்தைப் பிரிக்கும்போது இருவரின் நன்மைக்காக வாங்கிய கடன்களைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம். சூதாட்டக் கடன் அதில் சேராது என்று வாதாட உங்களுக்கு இடமுண்டு.

வக்கீல் செலவுக்கு வழியில்லையென்றால் ஈப்போவில் ஜபாத்தான் பந்துவான் குவாமான் (அரசாங்கச் சட்ட உதவித் துறை) இருக்கிறது. திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், போலீஸ் புகார் நகல், லோன் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்வாருங்கள்.