ரைன் கரைக் கோட்டைகள்: கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறோம்

ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்குக்குப் போக நினைக்கும் வாசகர்களின் கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஃபிராங்க்ஃபர்ட்டில் அலுவலக வேலை முடிந்ததும் ஜூன் மாதத்தில் எனக்கு இரண்டு நாள் கிடைக்கும். ரைன் கரையில் நாற்பது கோட்டைகள் இருக்கின்றனவாமே, எத்தனை பார்க்க முடியும்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மூன்று. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

பிங்கெனிலிருந்து கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர். 2002இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பகுதி இது. கோட்டைகள் ஏறக்குறைய நாற்பது என்பது சரிதான். ஆனால் சில தனியார் வீடுகள், சில ஓட்டல்கள், சில வெறும் சுவர்கள். படகில் போனாலே பெரும்பாலானவை கண்ணில் பட்டுவிடும். உள்ளே போய்ப் பார்க்க மூன்றைத் தேர்ந்தெடுங்கள்: உடையாதது ஒன்று, உடைந்தது ஒன்று, ஆற்றுக்கு நடுவில் நிற்பது ஒன்று.

உடையாதது ப்ரௌபாக் ஊரின் மேலே உள்ள மார்க்ஸ்பர்க். இந்தப் பள்ளத்தாக்கின் மலைக்கோட்டைகளில் ஒருபோதும் அழிக்கப்படாமல் தப்பியது இது ஒன்றுதான். மற்றவற்றில் பலவற்றை 1689 வாக்கில் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் படை எரித்தது. ஸ்டோல்சென்ஃபெல்ஸ், ரைன்ஸ்டைன் போன்றவற்றை 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய அரச குடும்பத்தார் தங்கள் ரசனைப்படி மறுபடி கட்டினார்கள். அவையும் அழகுதான். ஆனால் அங்கே நீங்கள் பார்ப்பது இடைக்காலம் அல்ல, இடைக்காலத்தைப் பற்றிய 19ஆம் நூற்றாண்டுக் கனவு. மார்க்ஸ்பர்க்கில் குதிரைகள் ஏறுவதற்காகப் பாறையிலேயே வெட்டிய படிகளில் நீங்களும் ஏறுவீர்கள். பெரிய அடுப்புள்ள சமையலறை, சுவருக்கு வெளியே தொங்கும் கழிப்பறை, பீரங்கி மேடை, மூலிகைத் தோட்டம் எல்லாம் இருக்கின்றன. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், சுமார் 50 நிமிடம். கோடைப் பருவத்தில் ஆங்கில விளக்கம் வழக்கமாக மதியம் 1 மணிக்கும் மாலை 4 மணிக்கும். முந்தின நாளே அதை உறுதி செய்துகொள்ளுங்கள். தவறவிட்டால் ஜெர்மன் குழுவோடுதான் சுற்ற வேண்டும்.

உடைந்தது சாங்க்ட் கோவாரின் ரைன்ஃபெல்ஸ். காட்செனெல்ன்போகன் பிரபு ஐந்தாம் டீட்டர் 1245இல் கட்டத் தொடங்கினார். ஆற்றில் போகும் சரக்குக்கு அவர் சுங்கத்தை உயர்த்தியதும் ரைன் நகரங்கள் ஒன்றுகூடி 1255-56இல் ஓராண்டுக்கும் மேலாக முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. 1692இல் பிரெஞ்சுப் படையாலும் முடியவில்லை. 1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்தபோது கோட்டை சண்டையில்லாமல் சரணடைந்தது. சில ஆண்டுகளில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். பிறகு அது கல் எடுக்கும் இடமாயிற்று. இத்தனைக்கும் பிறகு நிற்கும் நிலவறையைக் கட்டாயம் பாருங்கள்: 24 மீட்டர் நீளம், தூண் இல்லாத வளைவுக் கூரை. முற்றுகைப் படையின் காலடியில் வெடிமருந்து வைப்பதற்காகத் தோண்டிய சுரங்க வழிகளும் உண்டு. கும்மிருட்டு, சில இடங்களில் குனிந்துதான் நகர வேண்டும். கைபேசி வெளிச்சத்தை நம்பாமல் டார்ச் கொண்டுபோங்கள். சீரமைப்பு வேலைக்காக அவ்வப்போது சில பகுதிகளை மூடுவார்கள், அதையும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

மூன்றாவது, காவுப் ஊருக்கு எதிரே தீவில் நிற்கும் ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன். பவேரியாவின் லூட்விக் மன்னர் 1326-27இல் சுங்கம் வாங்குவதற்கென்றே கட்டியது. தூரத்தில் ஒரு கல் கப்பல் போலத் தெரியும். கூரான முனை நீர் வரும் திசையைப் பார்த்திருப்பது பனிக்கட்டியையும் வெள்ளத்தையும் பிளந்து அனுப்புவதற்காக. சுங்கவசூல் 1860களில்தான் நின்றது. 1814 புத்தாண்டை ஒட்டி பிரஷ்யத் தளபதி ப்ளூஷர் நெப்போலியனைத் துரத்திக்கொண்டு படகுப் பாலம் போட்டு ரைனைக் கடந்ததும் இங்கேதான்.

வழி இது. முதல் நாள் ஃபிராங்க்ஃபர்ட்டில் வலக்கரை (ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் வலப்பக்கக் கரை) ரயில் ஏறி, வீஸ்பாடன், ரூடெஸ்ஹைம் வழியாகக் காவுப். சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். சிறு படகில் தீவுக்குப் போய் வாருங்கள். திரும்பியதும் காவுப் துறையிலிருந்து நீரோட்டத்தோடு கப்பலில் சாங்க்ட் கோவார். ஓபர்வேசல் ஊரும் அதன் மேல் ஷோன்பர்க் கோட்டையும் இடப்பக்கம் வரும். பிறகு வலப்பக்கம் 132 மீட்டர் உயர லோரெலை பாறை. மாலையில் ரைன்ஃபெல்ஸ் பாருங்கள், கடைசி நுழைவு மூடும் நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும். இரவு அங்கேயே தங்குங்கள். மறுநாள் கார் ஏற்றும் படகில் எதிர்க்கரைக்குப் போய், அங்கிருந்து ரயிலில் நேரே ப்ரௌபாக். ஊரிலிருந்து மார்க்ஸ்பர்க்குக்கு ஏற்றம் அரைமணி. முதல் நாள் திங்கள்கிழமையாக இருக்கக் கூடாது. ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன் போன்ற மாநில அரசுக் கோட்டைகள் பல அன்று மூடியிருக்கும்.

கப்பல் ஒரு நாளைக்குச் சிலதான். முதலில் கப்பல் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி ரயிலைத் தேர்ந்தெடுங்கள். தலைகீழாகச் செய்பவர்கள்தான் துறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

கேள்வி: ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து கொலோனுக்கு அதிவேக ரயிலில் போனோம். ஒரு கோட்டையும் தெரியவில்லை, வெறும் சுரங்கப்பாதைதான். ஏன்? (வாசகி, சென்னை)

பதில்: நீங்கள் ஏறியது 2002இல் திறந்த புதிய பாதையில் ஓடும் ரயில். அது ஆற்றைத் தொடாமல் மேட்டு நிலத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும், சுமார் ஒரு மணி நேரத்தில் கொலோன். பயணச்சீட்டு வாங்கும் தளமும் வேகமான வழியைத்தான் முதலில் காட்டும். இடைநிறுத்தம் என்ற இடத்தில் மைன்ஸ், கோப்லென்ஸ் இரண்டையும் கொடுத்துத் தேடினால் ஆற்றங்கரைப் பாதை வரும். மைன்ஸிலிருந்து வடக்கே போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான். பாக்கராக், சாங்க்ட் கோவார் போன்ற சிற்றூர்களில் நிற்பது உள்ளூர் ரயில் மட்டுமே.

உள்ளூர் ரயில்களில் நாள் முழுக்கச் சுற்ற ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலத்தின் ஒருநாள் சீட்டு உண்டு. ஐந்து பேர் வரை சேர்ந்து வாங்கலாம், ஆள் கூடக்கூடத் தலைக்குச் செலவு குறையும். வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். மைன்ஸ் இந்த மாநிலத்தில் இருக்கிறது, ஃபிராங்க்ஃபர்ட் இல்லை. அதிவேக ரயிலில் இந்தச் சீட்டோடு ஏறினால் அபராதம்.

இன்னொரு குழப்பம் ஊர்ப் பெயர்களில். சாங்க்ட் கோவார் இடக்கரையில், சாங்க்ட் கோவார்ஸ்ஹௌசன் வலக்கரையில். மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே ஆற்றின் மேல் ஒரு பாலமும் கிடையாது, படகுதான். பெயரை அரைகுறையாகப் படித்து விடுதி பதிவு செய்தால், அறை எதிர்க்கரையில் இருக்கும், இரவில் படகும் நின்றிருக்கும். பிங்கெனிலும் இரண்டு நிலையங்கள். கப்பல் துறைக்குப் பக்கத்தில் இருப்பது பிங்கென் ஸ்டாட்.

கேள்வி: வெயில் காலத்தில் ரைனில் தண்ணீர் குறைந்துவிடுகிறது என்று செய்தியில் பார்க்கிறோம். கப்பல் ஓடுமா? (வாசகர், திருச்சி)

பதில்: அந்தச் செய்திகளில் வரும் எண் பெரும்பாலும் காவுப் ஊரின் நீர்மட்ட அளவி. 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டராகக் குறைந்தது. ஆறு கால்முட்டிக்கும் கீழே போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. அளவியின் பூஜ்யம் ஆற்றின் அடிமட்டம் அல்ல, கப்பல் வழியில் அதைவிட ஒரு மீட்டருக்கும் மேல் ஆழம் இருக்கும். முதலில் அடிபடுவது நிறையச் சரக்கு ஏற்றிய கப்பல்கள். பயணக் கப்பல்கள் சில துறைகளில் நிற்காமல் போகலாம், அவ்வளவுதான்.

வெள்ளம் வந்தால் கதை வேறு. அதே அளவியில் 4.60 மீட்டரைத் தாண்டினால் கப்பல்களுக்குக் கட்டுப்பாடு, 6.40இல் போக்குவரத்தே நின்றுவிடும். ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன் தீவுப் படகோ அதற்கு வெகு முன்பே நின்றுவிடும். பனி உருகி மழையும் சேரும் காலங்களில் போவதானால் அந்தத் தீவுக் கோட்டையை மட்டும் உறுதியாக எண்ணிவிடாதீர்கள். கப்பல் பருவம் ஏறக்குறைய ஈஸ்டர் முதல் அக்டோபர் கடைசி வரை. குளிர்காலத்தில் பல கோட்டைகள் மூடியிருக்கும், மார்க்ஸ்பர்க் மட்டும் குறைந்த நேரத்துக்குத் திறந்திருக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி. கோட்டை பார்க்க ஆசைப்படுகிறார். (வாசகி, மதுரை)

பதில்: மார்க்ஸ்பர்க் வேண்டாம். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்தே ஏற வேண்டும். உள்ளே தரை மேடுபள்ளமான பாறை, குழுவின் வேகத்துக்கு நடக்க வேண்டும், நடுவில் உட்கார இடம் குறைவு. ஸ்டோல்சென்ஃபெல்ஸுக்கும் கால்மணி நேர ஏற்றம். ரைன்ஃபெல்ஸுக்கு வாசல் வரை சாலை இருப்பதால் டாக்சியில் போகலாம். முன்வாசல் பகுதியிலிருந்தே ஆறு நன்றாகத் தெரியும், சுரங்க வழியை விட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு உண்மையான விருந்து கப்பல்தான். பாக்கராக்கிலிருந்து சாங்க்ட் கோவார் வரை ஒரு மணி நேரத்தில் ஸ்டாலெக், குட்டன்ஃபெல்ஸ், ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன், ஷோன்பர்க், காட்ஸ், ரைன்ஃபெல்ஸ் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே. நீரை எதிர்த்துப் போகும் திசையில் இதே தூரத்துக்கு நேரம் கூடும், அதனால் போகக் கப்பல், திரும்ப ரயில். நண்பகல் தாண்டினால் வெயில் மேற்கிலிருந்து வலக்கரைக் கோட்டைகள் மேல் விழும், படத்துக்கு நல்லது. மேல்தளத்தில் காற்று பலமாக இருக்கும், ஜூனிலும் ஒரு சால்வை வேண்டும். குடிக்கத் தண்ணீர் கேட்டால் சோடா போல நுரைக்கும் தண்ணீர்தான் வரும். 'ஷ்டில்லெஸ் வாசர்' என்று கேளுங்கள்.

கேள்வி: கோட்டைக் கோபுரங்களின் வாசல் தரையில் இல்லாமல் மாடி உயரத்தில் இருப்பது ஏன்? அரசர் அதில்தான் வசித்தாரா? (மாணவர், தஞ்சாவூர்)

பதில்: வசிக்கவில்லை. அந்தக் கோபுரத்தை ஜெர்மனியில் பெர்க்ஃபிரீட் என்பார்கள். காவலுக்கும் கடைசிப் புகலிடத்துக்கும் கட்டியது. எதிரி மதிலைத் தாண்டிவிட்டால் உள்ளே ஏறிக்கொண்டு ஏணியையோ மரப்படியையோ இழுத்துக்கொள்ளலாம், அதற்காகத்தான் உயரத்தில் வாசல். கீழ்த்தளத்துக்கு மேலிருந்து ஒரு துளை வழியாகத்தான் இறங்க முடியும். குடும்பம் வசித்தது பாலஸ் எனப்படும் தனிக் கட்டிடத்தில், அங்கேதான் கணப்பு அடுப்பும் பெரிய ஜன்னலும் இருக்கும். கோட்டைக்குள் நுழைந்ததும் கணப்பு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள், ஆட்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்று புரிந்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: மலையின் நீட்டிய முனையில் கோட்டை இருந்தால், முதுகுப் பக்கம் மலையோடு சேரும் இடத்தில் பாறையை வெட்டி அகழி ஆக்கியிருப்பார்கள். ஆபத்து வருவது அந்தப் பக்கத்திலிருந்துதான், அதனால் மிகத் தடித்த சுவரும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: சைவம் மட்டும் சாப்பிடுவோம். என்ன கிடைக்கும்? (வாசகி, ஈரோடு)

பதில்: கேஸ்ஷ்பெட்ஸ்லே என்னும் பாலாடைக்கட்டி சேர்த்த மாவுப் பண்டம், ஆப்பிள் கூழோடு உருளைக்கிழங்கு அடை, பேக்கரியில் உப்பு தூவிய பிரெட்சல். ஃப்ளாம்குகென் மெல்லிய ரொட்டி போலத் தெரிந்தாலும் வழக்கமாகப் பன்றிக்கொழுப்புத் துண்டு தூவியிருப்பார்கள். 'ஓனே ஷ்பெக்' என்று சொல்லி வாங்குங்கள். காய்கறி சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கக்கூடும், கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலையே பழமும் ரொட்டியும் வாங்கி வையுங்கள். சிறு படகுக்கும் கழிப்பறைக்கும் கையில் யூரோ சில்லறை வைத்திருங்கள்.