கணையம் வீங்கியிருக்கும்போது பித்தநாளக் கல்லை எடுக்கலாமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 64. பித்தப்பைக் கல்லால் கணைய அழற்சி வந்து நான்கு நாள்களாக மருத்துவமனையில் இருக்கிறார். பித்தநாளத்தில் கல் சிக்கியிருப்பது எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் தெரிந்ததால், வாய்வழியே எண்டோஸ்கோப் எனும் கேமராக் குழாயைச் செலுத்தி அதை அகற்றும் இ.ஆர்.சி.பி. சிகிச்சையைச் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஆனால், அச்சிகிச்சையாலேயே கணைய அழற்சி வரக்கூடும் என்று ஒப்புதல் படிவத்தில் உள்ளது. கையெழுத்திடத் தயக்கமாக இருக்கிறது.
- வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது; படிவத்தில் உள்ளதும் உண்மையே. பித்தநாளமும் கணைய நாளமும் பெரும்பாலோருக்குச் சிறுகுடலின் தொடக்கத்தில் ஒரே சிறு வாயிலில் வந்து திறக்கின்றன. பித்தநாளத்துக்குள் நுழைய முயலும் மெல்லிய கம்பி மீண்டும் மீண்டும் கணைய நாளத்துக்குள் சென்றாலோ, எக்ஸ்ரே படத்துக்கான சாயம் அதற்குள் புகுந்தாலோ, அந்தச் சிறு திறப்பு வீங்கிக் கணைய நீர் வெளியேற முடியாமல் தேங்கி, அழற்சி உண்டாகிறது. சிகிச்சை பெறும் 100 பேரில் ஏறத்தாழ 3 முதல் 10 பேருக்கு இது நேரலாம். அவர்களில் பெரும்பாலோர் சில நாள்களில் தேறிவிடுவார்கள்; சிலருக்குக் கடுமையாகி, அரிதாக உயிருக்கும் ஆபத்தாகலாம். வாயிலைக் கீறி விரிக்கும்போது இரத்தக்கசிவும், மிக அரிதாகக் குடலில் துளையும் ஏற்படுவதுண்டு.

இந்த ஆபத்து எல்லாருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. இளம் வயதுப் பெண்கள், முன்பு இதே சிகிச்சையால் கணைய அழற்சி கண்டவர்கள், இரத்தத்தில் பிலிருபின் (காமாலையை உண்டாக்கும் மஞ்சள் நிறமி) இயல்பாக இருந்து கல் இருப்பதாக வெறும் சந்தேகம் மட்டுமே உள்ளவர்கள் ஆகியோருக்கு அது கூடுதல். அதாவது, யாருக்குப் பலன் குறைவோ அவர்களுக்கே பாதிப்பு அதிகம். அதனால்தான் நோயைக் கண்டறிவதற்காக மட்டும் இன்று இதைச் செய்வதில்லை, எம்.ஆர்.சி.பி. ஸ்கேனோ எண்டோஸ்கோப் வழி அல்ட்ராசவுண்டோ அதற்குப் போதும். உங்கள் தாயாருக்குக் கல் இருப்பது ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டதால், சிகிச்சைக்குத் தெளிவான காரணம் இருக்கிறது.

அடுத்து, எப்போது செய்வது என்பதைக் கேளுங்கள். நடுக்கத்துடன் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் இருந்தால் பித்தநாளத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம். அந்நிலையில் 24 மணி நேரத்துக்குள் அடைப்பை நீக்குவதே உயிர்காக்கும். தொற்று இல்லாதவர்களுக்கு அவசரப்படுவதால் பலன் குறைவு. கடுமையாகக்கூடிய கணைய அழற்சி இருந்தும் தொற்று இல்லாத நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020ஆம் ஆண்டு வெளியான நெதர்லாந்து ஆய்வில், உடனடி இ.ஆர்.சி.பி. மரணத்தையோ பெரிய சிக்கல்களையோ குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. கல் தானாகவே குடலுக்குள் இறங்கிவிடுவதும் உண்டு. ஆகவே பிலிருபின் அளவு குறைகிறதா, கல் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

தடுப்பு வழிகளும் உள்ளன. இண்டோமெத்தசின் அல்லது டைக்லோஃபெனாக் 100 மில்லிகிராம் மருந்தை ஆசனவாய் வழியே வைப்பது அழற்சி வாய்ப்பைக் கணிசமாகக் குறைக்கிறது. ஆபத்து கூடியவர்களுக்கு நரம்புவழித் திரவத்தைக் கூடுதலாக ஏற்றுவதும், கணைய நாளத்தில் ஸ்டென்ட் எனும் மெல்லிய குழாயை வைப்பதும் வழக்கம். தாயாருக்குச் சிறுநீரகக் கோளாறோ வலிநிவாரணி ஒவ்வாமையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொண்டால் அதையும் தெரிவியுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். விளக்கம் ஆங்கிலத்தில் மட்டும் தரப்பட்டால், தமிழ் பேசும் தாதியையோ மொழிபெயர்ப்பாளரையோ கேட்டு, தாயாருக்கே புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். புரியாமலே தலையாட்டிவிடும் பெரியவர்களைப் பல முறை பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

வீடு திரும்பிய பின் முதுகுக்குப் பரவும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, காய்ச்சல், கறுப்பு மலம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்; நிலை மோசமானால் 995ஐ அழையுங்கள். நாளத்துக் கல்லை எடுத்த பிறகும் பித்தப்பை அப்படியே இருக்கும் என்பதால், அதை அகற்றும் அறுவைச் சிகிச்சையை, அழற்சி லேசானதாயின், இதே மருத்துவமனை வாசத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: தந்தைக்குப் பித்தநாளத்தில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்துள்ளனர். இப்போது நலமாக இருப்பதால், ஆறு மாதம் ஊரில் தங்கிவரத் திட்டமிட்டுள்ளார். போகலாமா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: ஸ்டென்டை எடுக்கும் தேதியை உறுதிசெய்யாமல் அனுப்ப வேண்டாம். பிளாஸ்டிக் ஸ்டென்டைப் பொதுவாக மூன்று மாதங்களுக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். அது அடைத்துக்கொண்டால் காமாலையும் கடும் தொற்றும் வரும். அதை எடுத்த பிறகு, மருத்துவரின் அனுமதியோடு பயணச்சீட்டு வாங்கட்டும்.