பிஸ்மார்க் பாம் மரம்: தண்ணி இல்லாம நிக்கும், ஆனா நட்ட அன்னிக்கே இல்ல

கேள்வி: அண்ணா, விசிறி மாதிரி ஓலையோட வெள்ளி கலந்த நீல கலர்ல ஒரு பாம் பாத்தேன், நர்சரில பிஸ்மார்க்னு சொன்னாங்க. தண்ணியே தேவைப்படாதுன்னு வேற சொல்றாங்க, நெசமா?

பதில்: பாதி நெசம். மடகாஸ்கரோட மேற்கு, வடக்குப் பக்கத்து புல்வெளிகள்ல தானா வளர்ற மரம் இது, அங்க மாசக்கணக்குல மழையே இருக்காது, காட்டுத் தீ பரவினாலும் வளர்ந்த மரம் தப்பிச்சு நிக்கும். ஆனா அது விதை விழுந்த எடத்துலயே ஆழமா வேர் எறக்குன மரம். நீங்க வாங்கிட்டு வர்றது பைக்குள்ள வேர் அடைஞ்சு கெடக்கிற கன்னு, அதுக்கு அந்த சக்தி இன்னும் வரல. அதனால முதல் வருஷம் முழுக்க ஒழுங்கா தண்ணி வேணும், முதல் சில வாரம் வேர் இருக்கிற மண்ணு காயவே விடாதீங்க, அப்புறம் ரெண்டு தண்ணிக்கு நடுவுல இடைவெளிய கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. தினம் ரெண்டு மக்கு தண்ணி தெளிக்கிறத விட, இடைவெளி விட்டு அடி வரைக்கும் நனையுற மாதிரி ஊத்துறதுதான் வேர கீழ எறக்கும். வேர் நல்லா பிடிச்சப்புறம் நீங்க மறந்தாலும் அது பாட்டுக்கு நிக்கும்.

கேள்வி: காம்பவுண்ட் சுவர் ஓரமா 3 அடி தள்ளி வைக்கலாமா?

பதில்: வேணாங்க. ஒரு ஓலையே ஆள் உயரத்த தாண்டும், ஓலையெல்லாம் சேர்ந்த கொடை 5, 6 மீட்டர் அகலத்துக்கு விரியும். சுவர்ல இருந்து குறைஞ்சது 3 மீட்டராவது விடுங்க. மட்டை ஓரத்துல சின்னச் சின்ன பல்லு வேற இருக்கும், நடைபாதைல நீட்டிட்டு நின்னா கையக் கிழிக்கும். சின்ன தோட்டம்னா வேற பாம் பாருங்க, இத வாங்கி வெட்டிக்கிட்டே இருக்கறதுல அர்த்தம் இல்ல.

கேள்வி: விதை கிடைச்சிருக்கு சார். சீட்லிங் ட்ரேல போட்டுடலாமா?

பதில்: ட்ரே வேண்டவே வேண்டாம். இது நம்ம பனைக்கு சொந்தக்கார மரம், முளைக்கிறதும் அதே மாதிரிதான், பனங்கொட்டைல இருந்து முளை முதல்ல நேரா பூமிக்குள்ள எறங்கி, ஆழத்துக்குப் போனப்புறம்தானே ஓலை மேல வரும், அதே கதை. ட்ரேல போட்டா முளை அடியில முட்டி வளைஞ்சுடும். ஆழமான பை எடுத்துக்கோங்க, ஒரு பைக்கு ஒரு விதை. சதைய சுத்தமா எடுத்துட்டு ரெண்டு மூணு நாள் தண்ணில ஊற போட்டு, மணல் கலந்த மண்ணுல வைங்க. மேல ஒண்ணும் தெரியலையேன்னு தோண்டிப் பாக்காதீங்க, முளை ஒடிஞ்சா அந்த விதை போச்சு. மாசக்கணக்குல ஆகலாம், பொறுமையா இருங்க.

கேள்வி: வச்ச எடம் சரியில்ல, கன்னு இடுப்பு உயரம் இருக்கு, தோண்டி வேற மூலைக்கு மாத்தலாமா?

பதில்: இந்த மரம் சாகுறதுல நான் பாக்குற முக்கால்வாசி கேஸ் இதுதான். வறட்சியில சாகல, மாத்தி வச்சதுல செத்துச்சு. இதுக்கு வேரத் தொட்டாலே ஆகாது, அதுலயும் தண்டு இன்னும் தரைக்கு மேல வராத கன்னுன்னா பொழைக்கிற வாய்ப்பு ரொம்ப கம்மி. அப்படியே விட்டுட முடியும்னா விட்டுடுங்க. முடியாதுன்னா தண்டு நல்லா வெளிய தெரியுற வரைக்கும் காத்திருங்க. அப்புறம் வெயில் காலத்துல, மண்ணு சூடா இருக்கும்போது, முடிஞ்ச அளவு பெரிய மண் உருண்டையோட எடுங்க, அடி ஓலைகள்ல பாதிய கழிச்சுட்டு மிச்சத்த மேல சேத்துக் கட்டுங்க, முன்ன எந்த ஆழத்துல இருந்துச்சோ அதே ஆழத்துல வைங்க. ஆடாம நிக்கட்டும்னு அரை அடி கூட புதைக்கிறவங்க இருக்காங்க, அது வேருக்கு மூச்சு முட்டி மெதுவா சாகும். முட்டு குடுக்கணும்னா கட்டை வச்சு கட்டுங்க, தண்டுல ஆணி அடிக்காதீங்க. பாம் தண்டுல ஒரு காயம் பட்டா அது கடைசி வரைக்கும் மூடாது.

கேள்வி: அடி ஓலைல ஆரஞ்சு புள்ளியா இருக்கு, அசிங்கமா இருக்கேன்னு வெட்டிட்டேன், இப்ப அடுத்த ஓலைலயும் வருது.

பதில்: வெட்டினதாலதான் அடுத்ததுக்கு வேகமா ஏறுது. ஓலைய வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, புள்ளி வழியா வெளிச்சம் ஊடுருவி மஞ்சளாத் தெரிஞ்சா பொட்டாஷ் பத்தல. புது குருத்துக்கு வேண்டிய பொட்டாஷ மரம் பழைய ஓலைல இருந்துதான் உறிஞ்சி எடுக்கும், அந்த ஓலைய நீங்க வெட்டினா அதுக்கு மேல இருக்கறதுல கை வைக்கும். முழுசா காஞ்சு பழுப்பானத மட்டும் கழிங்க. மெதுவா கரையுற பொட்டாஷ் உரத்தோட மெக்னீசியமும் சேத்துப் போடுங்க, பொட்டாஷ் மட்டும் அள்ளிப் போட்டா மெக்னீசியம் குறைஞ்சு ஓலை ஓரம் அகலமா மஞ்சளாகும். புள்ளி விழுந்த ஓலை திரும்ப பச்சையாகாது, புதுசா வர்றது நல்லா வருதான்னு மட்டும் பாருங்க.

கேள்வி: எனக்கு நேர் எதிர், பழைய ஓலை நல்லா இருக்கு, குருத்துதான் சுருங்கி பொசுங்கின மாதிரி வருது.

பதில்: அது மாங்கனீஸ் குறை. சுண்ணாம்பு மண்ணு, தண்ணி தேங்குற எடம், ஆழமா புதைச்சது, இதுல ஏதாவது ஒண்ணு இருக்கும். மாங்கனீஸ் சல்பேட் குடுங்க, மெக்னீசியம் சல்பேட்டுன்னு மாத்தி வாங்கிடாதீங்க, நிறைய பேரு அப்படித்தான் வாங்கிட்டு வர்றாங்க. தூர் ஆழத்துல இருந்தா மேல் மண்ண எடுத்து விடுங்க. குருத்து விஷயத்துல தள்ளிப் போடாதீங்க, இந்த மரத்துக்கு ஒரே குருத்துதான், அது போனா மரமே போச்சு.

கேள்வி: என் கன்னு வெள்ளி கலரே இல்ல, பச்சையாத்தான் இருக்கு. ஏமாத்திட்டாங்களா?

பதில்: சின்னக் கன்னுன்னா அவசரப்படாதீங்க, முதல் சில ஓலை கலர் காட்டாது. நிழல்ல இருந்தாலும் மங்கலாத்தான் தெரியும், முழு வெயில் வேணும். அந்த வெள்ளி ஓலை மேல இருக்கிற மெழுகு, விரல் வச்சுத் தேய்ச்சா அந்த எடம் பச்சையாயிடும், அதனால சோப்புத் தண்ணி போட்டுத் துடைக்காதீங்க. பச்சை ரகம்னும் ஒண்ணு இருக்கு, அது குளிர் அவ்வளவா தாங்காது, மத்தபடி நல்ல மரம்தான்.

கேள்வி: குருத்து ஓலை விரிஞ்சதும் கத்தரியால வெட்டின மாதிரி முக்கோணமா இருக்கு.

பதில்: காண்டாமிருக வண்டு. ஓட்டைல மென்னு துப்பின நார் தெரியும், கம்பி விட்டு வண்ட வெளிய எடுங்க, மட்டை இடுக்குல வேப்பம்பிண்ணாக்கும் மணலும் கலந்து போடுங்க. பக்கத்துல எருக்குழி இருந்தா அங்கதான் அது பெருகுது, கிளறிப் புழுவ எடுங்க. தண்டுல செம்பழுப்பா சாறு வடிஞ்சா அது வேற, சிவப்பு கூன்வண்டு, உடனே ஆள் கூப்பிடுங்க.

கேள்வி: காய் வருமா?

பதில்: ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. பெண்ணா இருந்து பக்கத்துல ஆணும் இருந்தாத்தான் முளைக்கிற விதை. பூக்குற வரைக்கும் எதுன்னு சொல்ல முடியாது, நர்சரில சொன்னாலும் நம்பாதீங்க.

கேள்வி: புல்தரை நடுவுல வச்சிருக்கேன், புல்லுக்குப் போடுற உரமே போதும்தானே?

பதில்: போதாது, கெடுதல் கூட. புல்லு உரத்துல நைட்ரஜன் தூக்கலா இருக்கும், மரம் சடசடன்னு வளரப் பாத்து இருக்கிற பொட்டாஷ தீத்துடும், அப்புறம் அதே ஆரஞ்சு புள்ளிதான். கொடை விரிஞ்சிருக்கிற அளவுக்கு சுத்தி அந்த உரம் விழாம பாத்துக்கோங்க. தூரச் சுத்தி ஒரு வட்டம் புல்லில்லாம விட்டு, காஞ்ச இலை தழைய பரப்பி மூடாக்கு போடுங்க, தண்டத் தொடாம. புல் வெட்டுற மெஷின் தூர்ல இடிக்காம இருக்கறதுக்கும் அந்த வட்டம் உதவும்.