மனநோய் மருந்தும் வாய் அசைவும்: ஒரு மனநல மருத்துவரின் கேள்வி பதில்

கேள்வி: 67 வயதான என் அம்மா ஓராண்டாக ஹாலோபெரிடால் எனும் பழைய தலைமுறை மனநோய் மருந்தைச் சாப்பிடுகிறார். இப்போது வெறும் வாயை மென்றுகொண்டே இருக்கிறார். இதே மருந்தைப் பல ஆண்டுகளாக உட்கொள்ளும் என் தம்பிக்கு ஒன்றும் இல்லையே, டாக்டர்?

பதில்: இந்த வேறுபாட்டுக்கு வயதுதான் முதன்மைக் காரணம். பழைய தலைமுறை மருந்துகளை உட்கொள்ளும் இளவயதினரில் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதத்தினருக்கு டார்டிவ் டிஸ்கைனீசியா எனும் இக்கோளாறு (மருந்தால் வரும் தன்னிச்சையற்ற அசைவு) புதிதாகத் தோன்றுகிறது. முதியோரிலோ முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வந்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், நீரிழிவோ மூளைப் பாதிப்போ உள்ளவர்களுக்கும், மனச்சிதைவுக்காக அல்லாமல் மனச்சோர்வு, பைபோலார் போன்றவற்றுக்காக இம்மருந்தைப் பெறுபவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மருந்தின் அளவும் காலமும் கூடக் கூட அது ஏறும். ஆனால் பல்செட் தளர்ந்திருந்தாலும் வாய் இப்படி அசையும் என்பதால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். பிறகு கட்டைவிரலால் மற்ற விரல்களை வேகமாகத் தொடச் சொல்லிவிட்டு, கையை விட்டு முகத்தைக் கவனியுங்கள். மறைந்திருந்த அசைவு அப்போது வெளிப்படும்.

கேள்வி: ரிஸ்பெரிடோன் எனும் மனநோய் மருந்தைத் தொடங்கிய மாதமே என் மகனுக்குக் கை விறைத்து நடுங்கியது. அதற்கான மாத்திரையான பேசிட்டேன் கொடுத்ததும் சரியாயிற்று. இதுவும் அதுதானா?

பதில்: இல்லை. ஆனால் தொடக்கத்திலேயே விறைப்பும் நடுக்கமும் கண்டவர்களுக்குப் பின்னாளில் டார்டிவ் வரும் வாய்ப்பு அதிகம். பேசிட்டேன் அதைத் தடுக்காது. வந்தபின் கூட்டவும் கூடும். பழக்கத்தினால் மட்டுமே ஆண்டுக்கணக்கில் பேசிட்டேன் தொடரும் மருந்துச் சீட்டுகளை நிறையப் பார்க்கிறேன். இன்னும் தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அசைவைக் கண்டு மாத்திரையை நிறுத்தினோம்; அசைவு கூடிவிட்டது. அப்படியானால் மருந்து காரணமல்ல என்றுதானே ஆகிறது?

பதில்: மருந்துதான் காரணம். மூளையில் செய்தி கடத்தும் டோபமைனைப் பெறும் ஏற்பிகள் மருந்தால் நெடுநாள் அடைபட்டிருந்து மிகைக் கூர்மை அடைகின்றன என்பதே நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். அடைப்பை நீக்கியதும் அசைவு வெளியே தெரிகிறது, அளவை ஏற்றினால் சிறிது காலம் ஒளிந்துகொள்கிறது. விட்டு விட்டு உட்கொள்வதையே ஆபத்துக் காரணியாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் அளவைக் குறைக்கலாம், குளோசபின் எனும் வேறொரு மனநோய் மருந்துக்கு மாற்றலாம், அசைவைக் குறைக்கும் டெட்ராபெனசின் தரலாம். அதே வகையைச் சேர்ந்த வால்பெனசினுக்கு அமெரிக்காவில் 2017இல் ஒப்புதல் கிடைத்தது.

கேள்வி: அப்பாவுக்கு மனநோயே இல்லை. வயிற்று மாத்திரை மட்டும் சாப்பிடுகிறார். உதடு துடிக்கிறதே?

பதில்: சில வயிற்று மாத்திரைகளில் உள்ள மெட்டோகுளோபிரமைடும் லெவோசல்பிரைடும் மனநோய் மருந்துகளைப் போலவே டோபமைனைத் தடுப்பவையே. முன்னதை 12 வாரங்களுக்கு மேல் தர வேண்டாமென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. பின்னது நம் கடைகளில் அசிடிட்டி மருந்தோடு ஒரே கேப்ஸ்யூலில் வருகிறது. அட்டையின் பின்புறத்தைப் படித்து, இவற்றுள் ஒன்று இருந்தால் அட்டையோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.