சின்னப் பாய்மரப் படகின் பின்பக்க ரயிலில் சோலார் பேனல் மாட்டலாமா, ஆர்ச் கட்டியே ஆகணுமா?

தாராளமாக மாட்டலாம். ரயில் என்றால் படகின் ஓரத்தில் நிற்கும் கம்பித் தடுப்பு; ஆர்ச் என்றால் பேனலைத் தாங்கப் படகின் பின்னால் வளைத்துக் கட்டும் பெரிய ஸ்டீல் சட்டம். “ஆர்ச் இல்லாவிட்டால் முதல் புயலிலேயே பேனல் பறந்துவிடும்” என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாம் நாற்பது அடிப் படகுக்காரர்கள்.

உங்கள் கேள்வியைப் பார்த்தால் படகு முப்பது அடிக்குள் இருக்கும், 100 வாட் பேனல் ஒன்று, லைட், ரேடியோ, சின்ன ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான் தேவை என்று நினைக்கிறேன். என்னுடையதும் அதே ரகம். மலேசியாவின் லங்காவித் தீவில் நிறுத்தியிருக்கும் பழைய ஃபைபர் படகு. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை தொழிற்சாலையில் சார்ஜ்மேனாக (மின்சாரப் பொறுப்பாளராக) இருந்தவன் நான், அதனால் கரண்ட் விஷயத்தில் யாரையும் கேட்டுச் செய்யும் பழக்கமில்லை. வெல்டிங் கடையில் ஆர்ச்சுக்குச் சொன்ன விலையில் புதுப் பாயே தைத்துவிடலாம் போலிருந்தது. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எல்லோரும் எந்த கிளாம்ப் நல்லது என்றுதான் பேசுகிறார்கள். ரயிலைத் தாங்கும் கால்களை யாரும் பார்ப்பதில்லை. ரயிலைப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். என் படகில் இடதுபக்கக் கால் லேசாக ஆடியது. கழற்றிப் பார்த்தால் டெக்கின் (படகின் மேல்தளத்தின்) அடியில், கட்டியவன் வெறும் வாஷர் போட்டு முடுக்கியிருக்கிறான், போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே இருந்த மரம் ஊறிப்போயிருந்தது. ஊறியதைச் சுரண்டி, காயவைத்து, எபாக்சி ஊற்றி, அடியில் கனமான தகடு கொடுத்து மறுபடி முடுக்கினேன். மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான். பேனல் மாட்டியது ஒரு மாலை நேர வேலை.

காற்றுக் கணக்கைப் பார்ப்போம். 100 வாட் பேனல் ஏறக்குறைய 1.2 மீட்டருக்கு 0.54 மீட்டர். 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டர்) காற்று நேராக முகத்தில் அடித்தால் சுமார் 20 கிலோ தள்ளும். 60 நாட் என்றால் 45 கிலோ. அந்த ரயிலில் ஒரு ஆள் சாய்ந்தால் இதைவிட அதிகம்! (இன்ஜினியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். காற்று விட்டு விட்டு அடிக்கும், பேனல் அதிரும், நட் தளரும், எல்லாம் தெரியும். அதற்குத்தான் இரண்டு பக்கமும் தாங்குகால், நைலான் வைத்த நட்.) ஸ்டீல் கிளாம்ப் அலுமினியச் சட்டத்தைத் தொடும் இடத்தில் நைலான் வாஷர் போடுங்கள், இல்லையென்றால் உப்புத் தண்ணீரில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

பேனலைச் சாய்த்துத் திருப்பும் கருவிக்குக் காசு கொடுக்காதீர்கள். வீடியோவில் அதைக் காட்டுகிறவர் இங்கிலாந்தில் இருக்கிறார், அவருக்கு அது வேண்டும். லங்காவி ஆறு டிகிரி வடக்கில் இருக்கிறது. நடுப்பகல் சூரியன் ஜூனில் உச்சியிலிருந்து 17 டிகிரி வடக்கே, டிசம்பரில் 30 டிகிரி தெற்கே. தட்டையாகப் படுக்க வைத்தால் வருஷம் முழுக்கப் போதும். நங்கூரத்தில் படகு சுற்றிக்கொண்டே இருக்கும்போது எந்தப் பக்கம் சாய்ப்பீர்கள்?

நிழல்தான் எமன். பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால், சிலவற்றின் மேல் பூம் (பாயின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும் கிடைக்கம்பம்) நிழல் விழுந்தாலே பாதி கரண்ட் போய்விடும். நங்கூரம் போட்டதும் பூமைக் கயிறு கட்டி மறுபக்கம் இழுத்து வையுங்கள், கொடிக்கம்பத்தையும் இடம் மாற்றுங்கள். இவ்வளவும் செய்தால் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 25 ஆம்பியர்-மணி வரும். சின்ன ஃப்ரிட்ஜே அதைத் தின்றுவிடும். உப்பு நீரைக் குடிநீராக்கும் மெஷின் எல்லாம் வைக்கப் போகிறீர்கள் என்றால் நான் சொன்னதை மறந்துவிட்டு ஆர்ச்சுக்கே போங்கள்.

சரி, பறந்ததா? பங்கோர் தீவில் நங்கூரம் போட்டிருந்தபோது விடியற்காலையில் சுமத்ரா (சுமத்ரா தீவுப் பக்கமிருந்து திடீரென்று வரும் புயல்காற்று) அடித்தது. மலாக்கா நீரிணையில் ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் இது வழக்கம்தான். காற்று மீட்டரில் 40 நாட்டைத் தாண்டியது. படகு பக்கவாட்டில் படுத்து எழுந்தது. பேனல் கம்மென்று இருந்தது.

விடிந்ததும் பக்கத்துப் படகு வெள்ளைக்காரர் ரப்பர் போட்டில் வந்து கிளாம்பைத் தொட்டுப் பார்த்தார். “நல்ல வேலை. எந்தக் கடையில் வேலை செய்கிறாய்? என் படகுக்கும் மாட்ட எவ்வளவு கேட்பாய்?” இது என் படகு என்று சொன்னேன். “ஓ, ஓனர் உள்ளே தூங்குகிறாரா?” என்றார். கறுத்த தோலும் கையில் ஸ்பேனரும் இருந்தால் ஓனராக முடியாது போலிருக்கிறது. நம் ஆட்கள் மட்டும் என்ன ஒழுங்கு? கல்யாண வீட்டில் படகு இருக்கிறது என்றால், “மீன் நல்லா படுதா அண்ணே?” என்கிறார்கள். சும்மா சுற்ற ஒரு தமிழன் படகு வைத்திருக்கக்கூடாதா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒயரைப் பற்றிச் சொல்லவில்லையே. வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், பேட்டரி பக்கத்தில் ஃப்யூஸ், டெக்கில் நுழையும் இடத்துக்கு முன் ஒயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கிளாம்ப் ஆர்டர் பண்ணுவதற்கு முன் குழாயைக் காலிப்பரால் அளந்துவிடுங்கள். 22 மில்லிமீட்டரும் உண்டு, 25 மில்லிமீட்டரும் உண்டு, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.